ஒரே வரி, மூன்று விடைகள்!

ஒரு பள்ளியின் கணிப்பொறி அறை. மூன்று மாணவர்கள் மூன்று கணிப்பொறிகளின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவர் கையிலும் ஒரே பயிற்சிப் புத்தகம். அதன் முதல் பாடத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது:

எக்கோ ஹலோ > சோதனை

'எக்கோ' என்றால் எதிரொலி. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கட்டளை அது. அடுத்து வரும் '>' என்ற அம்புக் குறி, "விடையைத் திரையில் காட்டாதே; 'சோதனை' என்ற கோப்பில் எழுதி வை" என்கிறது. (படிக்க எளிதாக இருக்கட்டும் என்று கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணிப்பொறியில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.)

மூவரும் ஒரு பிழையும் இல்லாமல் தட்டிவிட்டார்கள். அடுத்து, 'கோப்பின் அளவைப் பார்' என்கிறது புத்தகம். 'ஹலோ' என்பது ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே ஐந்து பைட், போனால் ஆறு பைட் இருக்கலாம்.

முதல் மாணவனின் கோப்பு 6 பைட். இரண்டாமவனுடையது 8 பைட். மூன்றாமவனுடையதோ 16 பைட்!

"நீ ஏதோ கூடத் தட்டிவிட்டாய்" என்கிறான் முதல் மாணவன். "இல்லவே இல்லை, நீயே பாருடா" என்கிறான் மூன்றாமவன். பார்த்தால், மூன்று திரைகளிலும் ஒரே வரிதான் இருக்கிறது. மாணவர்கள் மேல் தவறில்லை. கணிப்பொறிகளும் பழுதாகவில்லை. அப்படியானால் தவறு எங்கே?

புத்தகத்தில் இருக்கிறது. 'இந்த வரியை எதனிடம் சொல்ல வேண்டும்' என்பதைச் சொல்ல அது மறந்துவிட்டது.

ஓடும் பருப்பும்

கணிப்பொறியோடு பேச இன்று நாம் பெரும்பாலும் சுட்டியையும் தொடுதிரையையும் பயன்படுத்துகிறோம். ஆனால் நிரல் எழுதுகிறவர்களும், பெரிய கணிப்பொறிகளைப் பராமரிக்கிறவர்களும், விஞ்ஞானிகளும் இன்றும் கட்டளைகளைத் தட்டியே வேலை வாங்குகிறார்கள். தட்டிய வரியை வாங்கிப் படித்துப் பொருள் கண்டு, உரிய நிரலை இயக்கிவைக்கும் இடைத்தரகர் ஒருவர் உண்டு. அவர் பெயர் 'ஷெல்'.

ஷெல் என்றால் ஓடு. கணிப்பொறியின் நினைவகம், வட்டு, திரை எல்லாவற்றையும் உள்ளிருந்து ஆளும் பகுதிக்குக் 'கெர்னல்' என்று பெயர், அதாவது பருப்பு. தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பருப்பு, வெளியே ஓடு. நம் கை படுவது ஓட்டின் மீதுதான்.

ஷெல் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள ஓர் ஓட்டலுக்குப் போவோம். "ஒரு நெய் ரோஸ்ட், முறுகலா, பார்சல்" என்று சர்வரிடம் சொல்கிறோம். இதில் 'நெய் ரோஸ்ட்', 'முறுகலா' என்ற சொற்கள் சமையற்காரருக்குப் போக வேண்டியவை. 'பார்சல்' என்பதோ சர்வருக்கு. தோசை மாறுவதில்லை, அது இலைக்குப் போகிறதா, பொட்டலத்துக்குப் போகிறதா என்பதுதான் மாறுகிறது. "இந்த மேஜையில் எல்லாருக்கும் ஒரு காபி" என்றால் சர்வர் தலைகளை எண்ணி, "ஆறு காபி" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். 'எல்லாரும்' என்ற சொல் சமையலறைக்குப் போவதே இல்லை.

ஷெல்லும் இதைத்தான் செய்கிறது. நீங்கள் தட்டிய வரியை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டித் துண்டுகளாக்கும். மேற்கோள் குறிக்குள் இருப்பதை வெட்டாமல் ஒரே துண்டாக வைத்துக்கொள்ளும். மாறிகளுக்குப் பதில் அவற்றின் மதிப்பைப் போடும். '*' என்ற நட்சத்திரக் குறியைக் கண்டால் அது 'எல்லாம்' என்று கொண்டு, பொருந்தும் கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதும். '>' என்ற குறியைக் கண்டால் விடை எங்கே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்யும்; ஓட்டலில் 'பார்சல்' சொன்னது போல. இத்தனையும் முடிந்த பிறகுதான் நிரலைக் கூப்பிடும்.

ஆகவே நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு வரியிலும் இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன: ஷெல்லுக்கு உரியது ஒரு பங்கு; நிரலுக்கு உரியது மற்றொரு பங்கு. நிரல் ஒன்றேயாக இருந்தால் அதன் பங்கு எங்கும் ஒன்றுதான். ஆனால் உலகில் ஷெல் ஒன்றல்ல. ஓட்டலுக்கு ஓட்டல் சர்வர் மாறுவது போல, ஷெல்லுக்கு ஷெல் பழக்கம் மாறுகிறது.

ஷெல்களின் குடும்பம்

1960களின் நடுவில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய லூயி பூஸான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கட்டளைகளையே ஒரு மொழிபோலச் சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணத்தை வெளியிட்டார். 'ஷெல்' என்ற பெயரை வைத்தவரும் அவரே.

பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவானபோது, கென் தாம்ப்ஸன் அதற்கு ஒரு சிறிய ஷெல்லை எழுதினார். '>' என்ற அம்புக் குறி அதிலேயே இருந்தது. நட்சத்திரக் குறியை விரிப்பதற்கு மட்டும் 'குளோப்' என்ற தனி உதவி நிரல் வைத்திருந்தார்கள். 1979இல் அதே ஆய்வுக்கூடத்தின் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் 'சி ஷெல்' என்ற வேறொன்றை எழுதினார். இரண்டும் ஒரே யூனிக்ஸ் மீது ஓடின. ஆனால் இலக்கணம் வேறு. அன்று பிரிந்த பாதைகள் இன்றுவரை சேரவில்லை.

போர்ன் ஷெல்லின் வழியில் 1989இல் பிரையன் ஃபாக்ஸ் 'பாஷ்' ஷெல்லை எழுதினார். லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இன்று பழக்கத்தில் இருப்பது இதுவே. 1990இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் பால் ஃபால்ஸ்டாட் 'ஸீ ஷெல்'லை எழுதினார். 2005இல், புதியவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று 'ஃபிஷ்' வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2019இல் தன் மேக் கணிப்பொறிகளில் வழக்கமான ஷெல்லைப் பாஷிலிருந்து ஸீ ஷெல்லுக்கு மாற்றியது. பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு புதிய மேக் வாங்கியவர்களுக்கு அது ஒரு திகைப்பு!

மைக்ரோசாஃப்டின் உலகம் தனி. 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் மரபில் 'சி.எம்.டி.' என்ற கட்டளைச் சாளரம் வளர்ந்தது. 2006இல் முற்றிலும் புதிய அடிப்படையில் 'பவர்ஷெல்' வந்தது. இன்று விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

16 பைட் வந்தது எப்படி?

இப்போது நம் புதிரை விடுவிக்கலாம்.

முதல் மாணவன் லினக்ஸில் பாஷ் பயன்படுத்தினான். ஐந்து எழுத்துகள், வரி முடிந்தது என்பதைக் காட்ட ஒரு பைட். மொத்தம் 6.

இரண்டாமவன் விண்டோஸில் சி.எம்.டி. பயன்படுத்தினான். விண்டோஸ் மரபில் வரியின் முடிவைக் காட்ட இரண்டு பைட் வேண்டும். பழைய தட்டச்சுப் பொறியில் வண்டியை வலப்புறம் தள்ளுவதும், தாளை ஒரு வரி ஏற்றுவதும் தனித்தனி வேலைகள் அல்லவா? அந்த இரண்டின் நினைவுச் சின்னம் அது. ஐந்தும் இரண்டும் ஏழு. எட்டாவது எங்கிருந்து வந்தது? 'ஹலோ'வுக்கும் '>' குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டோமே, அதையும் சி.எம்.டி. விடாமல் எழுதிவிட்டது! பாஷுக்கோ இடைவெளி என்பது சொற்களைப் பிரிக்கும் வேலி மட்டுமே. அதைக் கோப்பில் சேர்ப்பதில்லை.

மூன்றாமவன் விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1 பயன்படுத்தினான். அந்தப் பதிப்பு, அம்புக் குறி வழியாகக் கோப்பில் எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட் எடுத்துக்கொள்கிறது. ஐந்து எழுத்தும் வரிமுடிவின் இரண்டு குறிகளும் சேர்ந்து ஏழு. ஏழை இரண்டால் பெருக்கினால் பதினான்கு. 'இந்தக் கோப்பு இன்ன முறையில் எழுதப்பட்டது' என்று அறிவிக்க முன்னால் ஒட்டும் முத்திரை இரண்டு பைட். ஆக 16.

கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டதுதான் குழப்பம்.

கையேட்டில் ஒளிந்திருக்கும் பள்ளங்கள்

கட்டளைக் கருவிகளுக்குக் கையேடு எழுதுவது எளிய வேலை என்றுதான் முதலில் தோன்றும். கட்டளையை எழுதி, பக்கத்தில் பொருளை எழுதினால் முடிந்தது அல்லவா? ஆனால் எழுதுகிறவர் தன் ஷெல்லின் பழக்கத்தை உலகத்தின் பழக்கம் என்று எண்ணிவிடுகிறார். அதனால் வாசகர் விழக்கூடிய பள்ளங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது அழைப்புக் குறி. 'நான் தயார், கட்டளை தரலாம்' என்று ஷெல் வரியின் தொடக்கத்தில் ஒரு குறி காட்டும். போர்ன் குடும்பத்தில் அது '$'. சி ஷெல்லிலும் ஸீ ஷெல்லிலும் '%'. ஃபிஷ், சி.எம்.டி. முதலியவற்றில் '>'. பல கையேடுகள் இந்தக் குறியையும் சேர்த்து அச்சிடுகின்றன. பழகியவர் அதை விட்டுவிட்டுத் தட்டுவார். புதியவர் '$' குறியையும் சேர்த்தே தட்டுவார். "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று பதில் வரும்.

இரண்டாவது மேற்கோள் குறி. யூனிக்ஸ் ஷெல்களில் ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் சொற்களைச் சேர்த்துக் கட்டும். சி.எம்.டி.யில் ஒற்றை மேற்கோளுக்கு அந்தச் சக்தி இல்லை. 'நல்ல நாள்' என்று ஒற்றை மேற்கோளுக்குள் எழுதி ஒரு கோப்பில் தேடச் சொன்னால், பாஷ் அதை ஒரே துண்டாக நிரலுக்குத் தரும். சி.எம்.டி.யிலோ மேற்கோளும் ஓர் எழுத்தாகவே போய்ச் சேரும்; நிரல் 'நல்ல என்பதை ஒரு துண்டாகவும் நாள்' என்பதை மற்றொரு துண்டாகவும் எடுத்துக்கொள்ளும். இரட்டை மேற்கோளை எல்லா ஷெல்களும் மதிக்கின்றன. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பாஷில் இரட்டை மேற்கோளுக்குள் "விலை $5" என்று எழுதினால், '$5' என்பதை அது ஒரு மாறியின் பெயராக நினைத்து, மதிப்பு ஒன்றும் இல்லாததால் 'விலை' என்று மட்டும் நிறுத்திவிடும். ஐந்து டாலர் ஆவியாகிவிட்டது!

மூன்றாவது நட்சத்திரமும் வினாக்குறியும். வினாக்குறிக்கு ஷெல் மொழியில் 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். இணைய முகவரிகள் பலவற்றில் வினாக்குறி வரும். அப்படிப்பட்ட முகவரியை மேற்கோள் இல்லாமல் தட்டினால், பொருந்தும் கோப்பு ஒன்றும் இல்லையென்று கண்ட பாஷ் 'சரி, இருந்தபடியே இருக்கட்டும்' என்று நிரலிடம் தந்துவிடும். ஸீ ஷெல் அப்படி விடாது. 'பொருந்துவது ஒன்றும் இல்லை' என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடும். நிரலைக் கூப்பிடவே கூப்பிடாது. வாசகரோ நிரல் பழுது என்று நினைத்துக்கொள்வார்.

நான்காவது ஆள்மாறாட்டம். 'கர்ல்' என்பது இணையத்திலிருந்து கோப்புகளை எடுத்துவரும் புகழ்பெற்ற கருவி. ஆனால் பவர்ஷெல் 5.1இல் 'கர்ல்' என்று தட்டினால் ஓடுவது அதுவல்ல. பவர்ஷெல் தன் சொந்தக் கட்டளை ஒன்றுக்கு அதே பெயரைப் பட்டப்பெயராக வைத்திருக்கிறது. உண்மையான கர்ல் கருவிக்குரிய தெரிவுகளை அதனிடம் சொன்னால் விழிக்கும். பெயரோடு புள்ளியும் 'இ-எக்ஸ்-இ' என்ற பின்னொட்டும் சேர்த்துத் தட்டினால்தான் உண்மையான கருவி வரும். பின்னர் வந்த பவர்ஷெல் பதிப்புகளில் இந்தப் பட்டப்பெயரை நீக்கிவிட்டார்கள்.

ஐந்தாவது, நீண்ட வரியை முறிக்கும் வழி. புத்தகத்தின் அகலம் போதாமல் கட்டளையை இரண்டு வரியாக அச்சிட வேண்டியிருக்கும். 'இன்னும் முடியவில்லை, தொடரும்' என்பதற்கு யூனிக்ஸ் ஷெல்களில் வரிக் கடைசியில் '\' போட வேண்டும். சி.எம்.டி.யில் '^'. பவர்ஷெல்லில் '`'. குறி மாறிப்போனால் பாதிக் கட்டளை தனியே ஓடிவிடும்.

கோப்பு போனால் திரும்பாது

இதுவரை பார்த்தவை வெறும் தொல்லைகள். இனி வருவது ஆபத்து.

உங்களிடம் மூன்று கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'கணக்கு', மற்றொன்று 'பாடம்', மூன்றாவது, நடுவில் இடைவெளியோடு, 'கணக்கு பாடம்'. மூன்றாவதை மட்டும் அழிக்க வேண்டும். கையேடு எழுதியவர் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்: கோப்பின் பெயரை முதலில் 'பெயர்' என்ற மாறியில் வையுங்கள். பிறகு 'ஆர்எம் $பெயர்' என்று தட்டுங்கள். ('ஆர்எம்' என்பது கோப்பை அழிக்கும் யூனிக்ஸ் கட்டளை.)

எழுதியவர் தன் மேக் கணிப்பொறியில், ஸீ ஷெல்லில், தட்டிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். அங்கே சரியாக வேலை செய்தது. ஸீ ஷெல் மாறியின் மதிப்பை எடுத்துப் போட்ட பிறகு அதை மறுபடி வெட்டுவதில்லை.

நீங்கள் லினக்ஸில் பாஷ் பயன்படுத்துகிறீர்கள். பாஷ் முதலில் '$பெயர்' இருந்த இடத்தில் 'கணக்கு பாடம்' என்று போடுகிறது. பிறகு நடுவில் இடைவெளியைப் பார்த்து, அதை இரண்டு துண்டாக வெட்டுகிறது. நிரலுக்குப் போவது 'கணக்கு', 'பாடம்' என்ற இரண்டு பெயர்கள். உங்களுக்கு வேண்டிய இரண்டு கோப்புகளும் அழிந்துபோகின்றன. வேண்டாத கோப்பு மட்டும் அப்படியே இருக்கிறது! ஆர்எம் அழித்ததைத் திரும்ப எடுக்கக் குப்பைக்கூடையும் கிடையாது.

மருந்து என்ன? இரட்டை மேற்கோள். 'ஆர்எம் "$பெயர்"' என்று எழுதியிருந்தால் பாஷிலும் சரி, ஸீ ஷெல்லிலும் சரி, ஒரே விளைவுதான். இரண்டே குறிகள், அவை இருந்தால் ஒருவருடைய உழைப்பு தப்பிக்கிறது.

இன்னொன்று. 'இங்கே உங்கள் கோப்பின் பெயரைப் போடுங்கள்' என்று காட்டப் பல கையேடுகள் <கோப்பு> என்று கூர் அடைப்புக்குள் எழுதும். புதியவர் அந்த அடைப்பையும் விடாமல், 'சார்ட் <மதிப்பெண்> காப்பு' என்று தட்டுகிறார். ('சார்ட்' என்பது வரிசைப்படுத்தும் கருவி.) ஷெல்லுக்கு அடைப்பு தெரியாது. இடப்புறக் குறியை 'மதிப்பெண் கோப்பிலிருந்து படி' என்றும், வலப்புறக் குறியை 'காப்பு என்ற கோப்பில் எழுது' என்றும் எடுத்துக்கொள்ளும். காப்புக் கோப்பில் முன்பு என்ன இருந்ததோ அது போயிற்று. விளக்கத்துக்காகப் போட்ட குறியே வெடியாகிவிட்டது.

முதல் கையேடு

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. எழுதியவர்கள் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும். ஒவ்வொரு கட்டளைக்கும் பெரும்பாலும் ஒரு பக்கம். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சட்டகம்: பெயர், தட்டும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, பிழைச் செய்திகள். அவற்றோடு 'குறைகள்' என்று ஒரு தலைப்பு! தாங்கள் செய்த கருவியில் என்ன கோளாறு இருக்கிறது என்பதைத் தாங்களே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சட்டகம் அரை நூற்றாண்டு கடந்தும் இன்றைய லினக்ஸ், மேக் கணிப்பொறிகளில் அதிகம் மாறாமல் இருக்கிறது. 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைச் சொன்னால் அந்தப் பக்கம் திரையில் வரும்.

1971இல் அங்கே ஒரே ஷெல்தான் இருந்தது. ஆகவே 'எந்த ஷெல்லில்?' என்ற கேள்வி எழவில்லை. ஷெல்கள் பெருகிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. 1992இல் ஷெல்லுக்கும் அடிப்படைக் கருவிகளுக்கும் 'பாசிக்ஸ்' என்ற பொது நியமம் ஒன்று வந்தது. போர்ன் குடும்பத்து ஷெல்கள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகின்றன. ஆனால் சி ஷெல், ஃபிஷ், சி.எம்.டி., பவர்ஷெல் ஆகியவை அந்த வீட்டுப் பிள்ளைகள் அல்ல.

எங்கே பிரிக்க வேண்டும்?

அப்படியானால் ஒவ்வொரு கருவிக்கும் ஏழெட்டுக் கையேடு எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. ஓட்டலில் பார்த்த விதியை நினைவுகொள்ளுங்கள். சமையற்காரருக்கு உரியதை ஒரு தரம் எழுதினால் போதும். சர்வருக்கு உரியதை மட்டுமே பிரித்து எழுத வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டுப் பைத்தான் மொழியின் அதிகாரபூர்வக் கையேடு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் 'பைத்தான் சூழல்' அமைத்துக்கொள்ளும் 'வென்வ்' என்ற கருவி அதில் உண்டு. கருவியைப் பற்றிய விளக்கம் எல்லாருக்கும் பொது. ஆனால் அமைத்த சூழலை 'இயக்கு' என்று சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு பட்டியல் வருகிறது. பாஷுக்கும் ஸீ ஷெல்லுக்கும் ஒரு வரி, ஃபிஷுக்கு ஒன்று, சி ஷெல்லுக்கு ஒன்று, சி.எம்.டி.க்கு ஒன்று, பவர்ஷெல்லுக்கு யூனிக்ஸில் ஒன்று, விண்டோஸில் ஒன்று.

அந்த இடத்தில் மட்டும் ஏன் பிரிவு? ஒரு நிரலை ஷெல் இயக்கும்போது, தன்னிடமுள்ள சூழல் மாறிகளின் நகலைத்தான் அதற்குத் தருகிறது. உங்கள் நோட்டின் நகலை எடுத்துப்போன நண்பன் அதில் என்ன கிறுக்கினாலும் உங்கள் நோட்டு மாறாது அல்லவா? அதுபோல எந்த நிரலாலும் தன்னைக் கூப்பிட்ட ஷெல்லின் சூழலை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் ஷெல்லே படித்துச் செய்ய வேண்டும். அதற்கு அந்த ஷெல்லின் மொழியில் எழுதித் தர வேண்டும். ஆகவேதான் ஷெல்லுக்கு ஷெல் வேறு வேறு கோப்பு.

'ஊர்' என்ற சூழல் மாறியில் 'மதுரை' என்று வைக்க ஒவ்வொரு ஷெல்லிலும் என்ன சொல்ல வேண்டும் என்று பாருங்கள்:

பாஷ், ஸீ ஷெல்: எக்ஸ்போர்ட் ஊர்=மதுரை
சி ஷெல்: செட்என்வ் ஊர் மதுரை
ஃபிஷ்: செட் -எக்ஸ் ஊர் மதுரை
சி.எம்.டி.: செட் ஊர்=மதுரை
பவர்ஷெல்: $என்வ்:ஊர் = "மதுரை"

கடைசி வரியில் சமக் குறிக்கு இருபுறமும் இடைவெளி இருக்கிறது. பவர்ஷெல்லுக்கு அது சம்மதம். பாஷில் அப்படி இடைவெளி விட்டால் பிழை. சி.எம்.டி.யிலோ பிழை என்று சொல்லாது. மாறியின் பெயரோடு அந்த இடைவெளியையும் ஒட்டிவிடும். பிறகு 'ஊர்' எங்கே என்று கேட்டால் கிடைக்காது!

நல்ல கையேட்டின் இலக்கணம்

இதிலிருந்து சில விதிகளை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

1. எந்த ஷெல்லில், எந்தப் பதிப்பில் சோதித்தது என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

2. எல்லா ஷெல்லிலும் ஒன்றுபோல் வேலை செய்யும் எளிய வடிவம் இருந்தால் அதையே எழுத வேண்டும். இடைவெளி, வினாக்குறி, நட்சத்திரம் வரும் இடங்களில் இரட்டை மேற்கோள் போட வேண்டும்.

3. பொது வடிவம் கிடைக்காத இடத்தில் மட்டும், ஷெல் வாரியாகப் பெயர் போட்டுப் பிரித்துத் தர வேண்டும்.

4. அழைப்புக் குறியை அச்சிடாமல் விடுவது நல்லது. அச்சிட்டால், 'இதைத் தட்டாதீர்கள்' என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

5. கட்டளையை அடுத்து, திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் காட்ட வேண்டும். வழி தவறியதை வாசகர் உடனே அறிந்துகொள்வார்.

6. அச்சுக்குப் போகும்போது மேற்கோள் குறிகளைக் கவனிக்க வேண்டும். எழுதும் மென்பொருள்கள் நேர் மேற்கோளை அழகான வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக ஒட்டிவிடும். கண்ணுக்கு அழகு, பாஷுக்கு அது வேறு எழுத்து.

7. அழிக்கும் கட்டளைகளுக்கு முன், அதே பெயர்களை 'எக்கோ' கொண்டு திரையில் காட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். எவை போகப்போகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியிலோ நண்பர் வீட்டிலோ வெவ்வேறு ஷெல் உள்ள கணிப்பொறிகள் கிடைத்தால் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யலாம். ஒன்றிலும் ஆபத்து இல்லை.

முதல் சோதனை: 'எக்கோ $0' என்று தட்டுங்கள் ('0' என்பது பூஜ்யம்). பாஷ், ஸீ ஷெல் இரண்டும் தம் பெயரைச் சொல்லும். சி.எம்.டி. நீங்கள் தட்டியதையே கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்லும். பவர்ஷெல் ஒன்றும் சொல்லாது. இந்த ஒரு வரியே எதிரில் இருப்பது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது சோதனை: சில கோப்புகள் உள்ள அடைவில் 'எக்கோ *' என்று தட்டுங்கள். பாஷில் கோப்புகளின் பெயர்கள் வரும். சி.எம்.டி.யிலும் பவர்ஷெல்லிலும் வெறும் நட்சத்திரம்தான் வரும். ஏன்? அங்கே நட்சத்திரத்தை விரிப்பது ஷெல்லின் வேலை அல்ல. தேவையான கட்டளை தானே விரித்துக்கொள்ளும். அடுத்து, புதிதாக ஒரு காலி அடைவை உண்டாக்கி, அதற்குள் போய் அதே வரியைப் பாஷிலும் ஸீ ஷெல்லிலும் தட்டிப் பாருங்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதா?

மூன்றாவது சோதனைக்கு ஒரு நண்பர் தேவை. உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கட்டளைக்கு ஒரு பக்கக் கையேடு எழுதுங்கள். வேறு ஷெல் பயன்படுத்தும் நண்பரிடம் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள், ஆனால் வாய் திறக்கக் கூடாது. எந்த இடத்தில் அவர் விழிக்கிறாரோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அவர் மேல் கோபப்பட வேண்டாம். புள்ளி விழுந்த இடமெல்லாம் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு தாளில் எழுத மறந்தவை. அவற்றை எழுதிச் சேர்த்து, இன்னொரு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள்.

அதன் பிறகு, முதலில் சொன்ன பயிற்சிப் புத்தகத்தின் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாணவர்களுக்கும் சண்டை வராதபடி அதை எப்படித் திருத்தி எழுதுவீர்கள்?